எடைக்குப் போடும் முன்: தென்சென்னைப் புறநகர் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பரங்கிமலையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்திலும் ரயில் நிலையப் படிக்கட்டுகளுக்கு எதிரிலும் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர்களுக்கும், அந்தக் கடைகளை இன்று ஜெராக்ஸ், ஃபிரேம், பாஸ்போர்ட் போட்டோ என்று நடத்திவரும் அவர்களின் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் சேலையூரில் மொட்டைமாடி அறையொன்றில் டாகரோடைப் செய்கிறவன். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஃபிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டிப் படம் இறக்கும் வேலை. உங்கள் தொழிலின் பாஷையில் சொன்னால் காண்டாக்ட் பிரிண்ட். காகிதத்துக்குப் பதில் வெள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல நெகட்டிவ் தேடித்தான் உங்கள் கடைகளுக்கு வரத் தொடங்கினேன். வந்த இடத்தில் பல முறை கேட்ட பதில்தான் இந்த மடலை எழுத வைத்திருக்கிறது: “அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி.”

யாருக்குப் போட்டீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழைய எக்ஸ்ரே, அச்சகத்து லித் ஃபிலிம், கறுப்பு வெள்ளை நெகட்டிவ் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் வாங்கிக்கொண்டு போய், ஜெலட்டினைக் கரைத்து, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு கிலோ ஃபிலிமைக் கரைத்தால் கிடைப்பது சில கிராம் வெள்ளிதான். அந்தச் சில கிராமுக்காக எத்தனை கல்யாணங்கள், எத்தனை காதுகுத்துகள், எத்தனை முகங்கள் கரைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முகம் தெரியும்படி நெகட்டிவில் படிந்திருப்பதே அந்த வெள்ளிதான். அதைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் தாள்.

உங்கள் பரணில் கிடப்பது என்ன என்று உங்களுக்கே நினைவூட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வளர்ந்த ஊர்கள் இவை. ஆபீஸ் போகிறவர்கள் குடியேறினார்கள். குரோம் லெதர் கம்பெனி குரோம்பேட்டைக்குப் பெயரையே கொடுத்தது. அங்கும் பல்லாவரத்துத் தோல் கிடங்குகளிலும் வேலை பார்த்தவர்கள் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உங்கள் திரைச்சீலைக்கு முன்னால் நின்றார்கள். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்திலிருந்து குணமாகி வீடு திரும்பியவர்கள் நின்றார்கள். விமானப்படைத் தளத்துக்குப் பயிற்சிக்கு வந்த பையன்கள் ஊருக்கு அனுப்பச் சீருடையில் படம் எடுத்துக்கொண்டார்கள். 1937இல் நகரத்துக்குள்ளிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறிய கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்கள் கடைசி ஆண்டில் குரூப் போட்டோவுக்கு வரிசை கட்டினார்கள். மீனம்பாக்கத்தில் முதன்முறை விமானம் ஏறப் போகிறவரின் பாஸ்போர்ட் படத்தை எடுத்ததும் நீங்கள்தான். இறந்துபோன தாத்தாவை நாற்காலியில் சாய்த்து, நெற்றியில் விபூதி பூசி, வீட்டுக்கே வந்து எடுத்ததும் நீங்கள்தான். அநேகக் குடும்பங்களில் அந்தப் பெரியவருக்கு இருந்த ஒரே படம் அது.

2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சுற்றியிருந்த பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டன. மாநகராட்சிக்கு எல்லை உண்டு, வார்டு உண்டு, வரி உண்டு. இங்கே வாழ்ந்தவர்களின் முகம் மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது உங்கள் மஞ்சள் உறைகளில் இருக்கிறது.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களைத் தேடிப் போய்ப் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்தது. அசலைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பிம்பத்தை மட்டும் எடுத்து வைத்தார்கள். நமக்கு அருகிலேயே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு தனிமனிதர் கோட்டையூரில் சேர்த்துவைத்த புத்தகங்களும் துண்டுத்தாள்களும்தான் அதன் அடித்தளம். நாலு பேர் குப்பை என்று ஒதுக்கியதைச் சேர்த்தவர் அவர்.

இன்னும் பின்னால் போகலாம். 1857 டிசம்பரில் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக, தெற்கே புறப்பட்டார். திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று போய், மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்களில் கோயில்களை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டு வரிசையைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். எல்லாம் காண்டாக்ட் பிரிண்ட். என்லார்ஜர் அன்று புழக்கத்தில் இல்லை. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவே பெரிது. ஆளுநர் டிரெவெல்யன் இந்தச் செலவு அரசுக்குத் தேவையில்லை என்று சொல்லி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். ஆனால் எடுத்த படங்களை யாரும் எடைக்குப் போடவில்லை. அதனால்தான் 1858இன் தஞ்சையை இன்று நாம் கல் கல்லாகப் பார்க்கிறோம்.

இனி என் வேலைக்கு வருகிறேன். உங்கள் நெகட்டிவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

டாகரோடைப்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முதல் புகைப்பட முறை. லூயி டாகேரின் செய்முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் அதற்கான கேமரா விற்பனைக்கு வந்துவிட்டது. கண்ணாடிபோல் மெருகேற்றிய வெள்ளித் தகட்டை அயோடின் ஆவியில் காட்டினால் மேலே வெள்ளி அயோடைடு படலம் படியும். அதில் ஒளி பட்ட இடம் வெண்மையாகும். படாத இடம் வெறும் கண்ணாடியாக நின்று இருளைப் பிரதிபலிக்கும். கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்தால் படம் தெரியும். கொஞ்சம் சாய்த்தால் அதுவே நெகட்டிவாக மாறும். நீங்கள் காலமெல்லாம் ஃபுல் பிளேட், ஹாஃப் பிளேட், குவார்ட்டர் பிளேட் என்று அளந்தீர்களே, அந்த ஆறரைக்கு எட்டரை அங்குல அளவே டாகேரின் தகட்டு அளவுதான்.

அந்த முறைக்கு ஒரு குறை இருந்தது. ஒரு தகடு, ஒரு படம், பிரதி கிடையாது. நெகட்டிவ் முறை வந்து அதைத் தோற்கடித்தது அதனால்தான். கேமராவுக்குள் தகட்டை வைக்காமல் ஃபிலிமிலிருந்து காண்டாக்ட் செய்தால் அந்தக் குறை நீங்குகிறது. என்றோ எடுத்த முகத்தை இன்று வெள்ளியில் இறக்கலாம். தகடு கெட்டால் இன்னொன்று செய்யலாம். நெகட்டிவ் பத்திரமாக உறைக்குள் திரும்பிப் போகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒளி பட்ட இடம் வெண்மையாவதால், நெகட்டிவை நேராகத் தகட்டில் வைத்தால் தகட்டிலும் நெகட்டிவே வரும். முதலில் அதிலிருந்து பாசிட்டிவ் ஃபிலிம் எடுத்தாக வேண்டும். அதற்கு லித் ஃபிலிமும் உதவும். ஒரு பக்கம் மட்டும் எமல்ஷன் உள்ள எக்ஸ்ரே ஃபிலிமும் உதவும். சாதாரண எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் எமல்ஷன் இருப்பதால் படம் மங்கலாகும். சிவப்பு சேஃப்லைட்டில் கையாளலாம் என்பதால் எக்ஸ்ரே ஃபிலிம் எனக்குப் பிடித்தமானது. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்த காலத்தில் எக்ஸ்ரே ஃபிலிமும் ‘இந்து’ ஃபிலிமும் நம் மாநிலத்திலேயே தயாராயின. உங்களில் பலர் அந்த ரோல்களில்தான் தொழில் கற்றிருப்பீர்கள். இன்று அந்த ஆலை இல்லை. அதில் எடுத்த நெகட்டிவ்கள் இருக்கின்றன. அவற்றையும் இழந்துவிடக் கூடாது.

பக்கம் மாறுவதும் முக்கியம். காகிதத்தில் பிரிண்ட் போடும்போது நெகட்டிவின் மங்கல் பக்கத்தைக் காகிதத்தோடு சேர்ப்பீர்கள். பாசிட்டிவ் ஃபிலிமுக்கும் அப்படியே செய்துவிட்டு, அதன் மங்கல் பக்கத்தைத் தகட்டில் வைத்தால் இடம் வலமாகிவிடும். புடவைத் தலைப்பு வலது தோளுக்கு மாறும், மூக்குத்தி பக்கம் மாறும், குரூப் போட்டோவில் பலகையில் எழுதிய ஆண்டும் வகுப்பும் திரும்பி நிற்கும். ஆகவே நெகட்டிவின் பளபளப்புப் பக்கத்தை ஃபிலிமோடு சேர்த்துப் பாசிட்டிவ் எடுக்கிறேன். நடுவில் ஃபிலிமின் கனம் நிற்பதால் கூர்மை கொஞ்சம் குறையும். சிறிய விளக்கைத் தொலைவில் வைத்தால் அதுவும் பெருமளவு சரியாகும். கலர் நெகட்டிவில் வேறொரு தொல்லை உண்டு. அதன் ஆரஞ்சு நிறம் நீல ஒளியைத் தடுக்கிறது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கு வேண்டியதோ நீல ஒளி. ஆகவே கலர் நெகட்டிவுக்கு எல்லா நிறமும் அறியும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில், முழு இருட்டில், பாசிட்டிவ் எடுக்க வேண்டும்.

அசல் நெகட்டிவை நான் தகட்டின் பக்கத்திலேயே கொண்டுபோவதில்லை. தகட்டிலிருந்து எழும் அயோடின் ஆவி நெகட்டிவில் உள்ள வெள்ளியையும் தின்னும். நம் ஊர் ஈரக் காற்றில் ஜெலட்டின் இளகித் தகட்டோடு ஒட்டிக்கொண்டால் இரண்டுமே போய்விடும். பாசிட்டிவ் கெட்டால் இன்னொன்று எடுக்கலாம். உங்கள் நெகட்டிவ் கெட்டால் யாரிடம் போவது?

பழைய முறையில் படத்தைப் பாதரச ஆவியில் காட்டி டெவலப் செய்தார்கள். நான் அதைத் தொடுவதில்லை. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட கதையும், அங்கே வேலை பார்த்தவர்கள் இழப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியதும் தெரிந்த யாரும் வீட்டு மாடியில் பாதரசத்தைச் சூடேற்ற மாட்டார்கள். 1840இல் எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இன்னொரு வழியைக் கண்டார். அயோடின் மட்டும் ஏற்றிய தகட்டில் லேசாக ஒளி பட்டிருந்தால் போதும். பிறகு அதைச் சிவப்புக் கண்ணாடியின் கீழ் வெயிலில் வைத்தால் படம் தானாகவே வலுப்பெறும். மணிக்கணக்கில் ஆகும். கேமராவில் இந்தத் தகடு மிக மந்தமானது. ஆள் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். காண்டாக்ட் முறையில் லென்ஸே இல்லை, வெளிச்சம் குறைய வழியில்லை, ஃபிலிமில் இருப்பவர் அசையவும் போவதில்லை. இந்த மந்தமான, பாதரசம் வேண்டாத முறைக்கு உங்கள் ஃபிலிம்தான் சரியான துணை. அயோடினும் நஞ்சுதான், மூடிய பெட்டியும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் அதையும் எடுக்கக் கூடாது.

சிவப்புக் கண்ணாடிக்கடியில் முதலில் வேட்டியின் வெண்மை எழும், பிறகு நெற்றி, பிறகு புடவைக் கரை. வெளிச்சம் ஒரு பங்கு கூடினால் வேட்டி நீலமாகிவிடும். 1840களின் தகடுகளில் கனவான்களின் சட்டை மார்பு நீலமாக இருப்பதும் அதே காரணத்தால்தான். சரியான வெளிச்சத்தைப் பிடித்துவிட்டால் கிடைக்கும் நுணுக்கத்தை வேறு எந்தப் பிரிண்டிலும் நான் பார்த்ததில்லை. லூப்பை வைத்துப் பார்த்தால் நெற்றிச் சுருக்கத்தை மறைக்க நீங்கள் நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்த ரீடச்சிங் கோடுகூடத் தெரியும். கல்யாணப் பெண்ணின் கன்னத்துத் தழும்பை நீங்கள் எவ்வளவு பொறுமையாக மறைத்தீர்கள் என்பதை அந்தத் தகட்டில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஹைப்போ, உங்களுக்குப் பழகியதுதான். கழுவுவதற்குப் போர் தண்ணீர் கூடாது. உப்புக் கறை படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். கடைசியில் தங்க குளோரைடு கரைசலை ஊற்றித் தகட்டை அடியிலிருந்து சூடேற்றினால் படத்தின் மேல் மெல்லிய தங்கப் படலம் ஏறி நிறமும் உறுதியும் கூடும். இதுவும் 1840இல் இப்போலித் ஃபிசோ கண்டுபிடித்தது. அதன் பிறகும் விரல் படக் கூடாது. கண்ணாடி போட்டு ஓரத்தைச் சீல் செய்ய வேண்டும். தோல் பதனிடும் இடங்களும் கழிவுநீர்க் கால்வாய்களும் உள்ள பகுதியில் காற்றில் கந்தகம் உண்டு. கொலுசு கறுப்பதை இங்கே எல்லோரும் அறிவோம். நன்றாக மூடி வைத்தால் தகடு நிற்கும். டாகேர் காலத்துத் தகடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் தெளிவாக இருக்கின்றன.

தகடு செய்தால் நெகட்டிவ் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தகட்டுக்கு ஆகும் வெள்ளியும் நேரமும் அதிகம். உங்கள் பரணில் உள்ள எல்லாவற்றையும் தகட்டில் ஏற்ற ஆயுள் போதாது. முதல் வேலை உறை மாற்றுவதும் ஸ்கேன் செய்வதும். ஆனால் ஸ்கேன் செய்த படம் ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறது; அதை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தகடு என்று கொடுத்தால் அவர்கள் வீட்டுப் பெரியவரை வெள்ளியில் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் இன்னும் நெகட்டிவ் இருக்கிறதா என்று உங்களிடம் கேட்டு வருவார்கள். வருவதை நான் கண்டிருக்கிறேன். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பின் டான் என்ற கலைஞர், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் அடையாளப் படங்களை டாகரோடைப் தகடுகளில் ஏற்றினார். கொன்றவர்கள் கோப்புக்காக எடுத்த படங்கள் அவை. அந்தக் கண்ணாடிப் பரப்பில் இறந்தவரின் முகத்தோடு பார்ப்பவரின் முகமும் சேர்ந்து தெரியும். நம் படங்கள் அவ்வளவு கொடுமையானவை அல்ல. ஆனாலும் பேரன் தகட்டைச் சாய்த்துப் பார்க்கும்போது தன் முகமும் தாத்தா முகமும் மாறி மாறி வருவதைக் கண்டு பேச்சு நின்றுபோவது இங்கேயும் நடக்கிறது.

காலம் குறைவு. அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் மக்கத் தொடங்கினால் வினிகர் நாற்றம் வரும். வந்தால் பக்கத்தில் உள்ள ஃபிலிமையும் கெடுக்கும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. கீழ்த்தளத்தில் இருந்த ஆல்பங்களும் நெகட்டிவ்களும் சேறாகின. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கேமராக்களுக்கு நடுவே யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படம் சட்டத்தோடு கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. உங்கள் கடையில் இருக்கிறார். நீங்கள்தான் அவர்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதைத்தான். எடைக்குக் கொடுக்காதீர்கள். பரணிலிருந்தும் தகரக் கூரைக்கு அடியிலிருந்தும் இறக்கி, வீட்டின் உள்ளறையில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள். வினிகர் நாற்றம் அடிப்பதைத் தனியாகப் பிரியுங்கள். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவாதீர்கள். எமல்ஷன் கழன்று வந்துவிடும். ஸ்கேன் செய்ய யாராவது வந்தால் கடையிலேயே உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். படத்தில் உள்ளவர்களின் குடும்பத்தைக் கேட்காமல் எதையும் வெளியே காட்ட விடாதீர்கள். இந்த விதி எனக்கும் பொருந்தும். கடையை மூடத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் தரமணிக்கோ புதுச்சேரிக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியை அவர் முன்னால் திறந்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைப் பிடித்து இது யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். நெகட்டிவை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிண்ட் போடலாம், ஸ்கேன் செய்யலாம், வெள்ளியில் ஏற்றலாம். அந்தப் பெயர்களை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து உங்கள் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவன்